சாரத்தில் பிடித்த காற்று

பால்கனியில் துணி காயவிடும் கம்பியில் நான்கு கவ்விகள் வெறுமனே இருந்தன. காலையில் நான் வேலைக்குப் புறப்பட்டபோது அந்த நான்கும் என்னுடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் இடுப்பில் உடுத்துகிற, நீலத்தில் பழுப்புக் கட்டம் போட்ட பருத்திச் சாரம். பக்கத்தில் மனைவியின் சட்டைகளும் துவாய்களும் என் காலுறைகளும் அப்படியே தொங்கின. சாரம் மட்டும் இல்லை.

கோடை விடுமுறையின் இரண்டாவது வாரம், பிற்பகல் இரண்டரை மணி. பொதி பிரிக்கும் கிடங்கில் காலை வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். மனைவி முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான்கு மணிவரை நிற்பாள். பதின்மூன்று வயது மகள் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அவளுடைய அறைக் கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. அவளுடைய தொலைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு பழைய சாரத்தைக் காணவில்லை என்பதற்காக ஒருவர் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஓடுவாரா? நான் ஓடினேன். ஏன் என்று சொல்வதற்கு, அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பார்த்த மலையாளப் படத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் கேரளத்திலிருந்து வந்த தாதி ஒருத்தி இருக்கிறாள். எங்கள் ஜெர்மன் நகரமான டோர்ட்மண்டுக்கு வந்து இரண்டு வருடம். மருத்துவமனையில் வேலை. என்னைச் சேட்டா என்பாள், என் மனைவியைச் சேச்சி என்பாள். அவள் மலையாளத்தைத் தமிழ்போல வளைப்பாள், நாங்கள் தமிழை மலையாளம்போல நீட்டுவோம்; எப்படியோ விளங்கிவிடும். அன்று தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அவளையும் கூப்பிட்டிருந்தோம். அவள்தான் அந்தப் படத்தைப் போட்டாள்.

"சூப்பர் ஹீரோ படம், சேட்டா. பக்‌ஷே நம்ம ஊர் ஹீரோ."

"உங்கட ஊரிலை அவர் என்ன, புட்டுச் சாப்பிட்டிட்டுப் பறப்பாரோ?" என்றேன்.

"பறக்கில்லா. பாத்தோ."

உண்மையாகவே அவன் பறக்கவில்லை. காயலோரக் கிராமம் ஒன்றில் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றி இறக்குகிற தோணிக்காரன். ஒரு வெள்ளத்தின்போது தோணி கவிழ்ந்து அவன் தண்ணீருக்குள் போகிறான். இடுப்பில் மடித்துக் கட்டியிருந்த முண்டு காற்றுப் பிடித்து உப்பி அவனை மேலே தூக்குகிறது. அன்று முதல் எவ்வளவு பெரிய வெள்ளமும் அவனை ஒன்றும் செய்யாது. முண்டை விரித்து உதறினால் பத்துப் பேர் அதில் தொங்கிக்கொண்டு கரை சேரலாம். முகமூடிக்குப் பதில், குளித்துவிட்டுத் துடைக்கிற தோர்த்தை மூக்குவரை கட்டிக்கொள்வான். ஊரில் எல்லோருக்கும் அவன் யார் என்று தெரியும். ஆனால் தேநீர்க் கடைக்காரர் முதல் பங்குச் சாமியார் வரை, தெரியாதது போலவே நடப்பார்கள். என் மனைவி அந்த இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவனுடைய சக்திக்கு ஓர் எல்லை இருந்தது. அது அவனுடைய ஊர்த் தண்ணீரில் மட்டுமே வேலை செய்யும். மணல் அள்ளுகிற முதலாளி அதைக் கண்டுபிடித்து, விருந்து என்று பொய் சொல்லி அவனை நகரத்து ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், அங்கே நீச்சல்குளத்தில் தள்ளிவிடுவான். நீலக் கண்ணாடிபோன்ற அந்தத் தண்ணீரில் அவன் கல்லுப்போல அடிக்குப் போவான். முண்டு நனைந்து காலைச் சுற்றும். மேலே நின்றவர்கள் குவளையோடு எட்டிப் பார்ப்பார்கள்.

மகள் அதுவரை கீழே ஓடிய ஆங்கில எழுத்துகளை வாசித்து வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அப்ப எங்கட தண்ணி எது?"

அந்தக் கேள்விக்கு நான் கொஞ்ச நேரம் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எனக்கு அந்த முண்டுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

"இது முழுப் பொய்," என்றேன். "முண்டு மூட்டாத துணி. ரெண்டு பக்கமும் திறந்திருக்கு. அதிலை எப்பிடிக் காத்து நிக்கும்? சாரம் எண்டால் நிக்கும். மூட்டித் தைச்சிருக்கிறதாலை பை மாதிரி."

"அய்யோ சேட்டா, அது சினிமா அல்லே?"

"சினிமா எண்டாலும் ஒரு ஞாயம் வேண்டாமோ? நாங்கள் சின்னனிலை சாரத்திலை காத்துப் பிடிச்சு மிதந்தனாங்கள். மன்னாரிலை பள்ளிக்கூடம் விட்டால் நேரை குளம்தான்."

"மெய்யாவோ அப்பா? சாரத்திலையோ?"

"ஓம். எந்தத் தண்ணியிலையும் மிதக்கும். ஊர்த் தண்ணி, வெளியூர்த் தண்ணி எண்டு அதுக்குப் பேதம் இல்லை."

"கேரளத்துக்கு ஹீரோ, ஜாஃப்னாவுக்கு லுங்கி," என்றாள் தாதி.

"ஜாஃப்னா இல்லைத் தங்கச்சி, மன்னார். லுங்கி இல்லை, சாரம்."

எல்லோரும் சிரித்தோம். அத்தோடு விட்டிருக்கலாம். நான் எழுந்து போய்க் குளியல் தொட்டியில் தண்ணீரை நிரப்பினேன். சாரத்தை முழுக்க நனைத்தேன், ஏனென்றால் நனைந்த பருத்தி நூல்தான் காற்றை வெளியே விடாது. ஒரு வாயை முடிச்சுப் போட்டேன். மற்ற வாயை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்துத் தலைக்கு மேலே வீசி, திறந்த பக்கம் கீழே இருக்கத் தண்ணீரில் அடித்தேன். ஒரு பெரிய பூசணிக்காய் அளவில் சாரம் உப்பி நின்றது. மகள் கைதட்டி, தொலைபேசியில் அதைப் படம் எடுத்தாள். பிறகு தன் முழு மேல்பாரத்தையும் அதில் போட்டு அழுத்திப் பார்த்தாள். அது தாங்கியது.

"அப்பா, நீங்கள் சூப்பர்!" என்றாள். அந்த வயதில் பிள்ளைகள் அப்பாவைப் பார்த்து அப்படிச் சொல்வது அரிது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் குளத்தில் சாரத்தில் மிதந்த நாங்கள் எல்லோரும் நீந்தத் தெரிந்தவர்கள். சாரம் எங்களுக்கு விளையாட்டு. காற்றுப் போனால் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நீந்திக் கரைக்கு வந்தோம். மறைப்பதற்காக அதை நான் சொல்லாமல் விடவில்லை. சொல்ல வேண்டிய ஒன்றாகவே எனக்குத் தோன்றவில்லை.

என் மகளுக்கு நீந்தத் தெரியாது. அதற்குக் காரணமும் நான்தான்.

இங்கே மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடமே பிள்ளைகளை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போய் நீச்சல் பழக்கும். அந்த வருடம் மகளுக்கு ஒருமுறை காதில் சீழ் பிடித்தது. மருத்துவர் ஆறு வாரம் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று அட்டெஸ்ட், அதாவது மருத்துவச் சான்றிதழ், எழுதித் தந்தார். ஆறு வாரம் முடிய, இன்னும் வலிக்கிறது என்று சொல்லி நான் இன்னொரு அட்டெஸ்ட் வாங்கினேன். பிறகு இன்னொன்று. வகுப்பு ஆசிரியை நேரில் சந்திக்க டெர்மின் வைத்து என்னை அழைத்து, பிள்ளைக்கு நீச்சல் முக்கியம் என்று மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த முறையும் அதே தாளைக் கொடுத்தனுப்பினேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைச்சு என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள். காது நல்லாகட்டும் என்றேன். காது எப்போதோ நல்லாகியிருந்தது.

இனி அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன்.

கதவைப் பூட்டாமலே படியில் இறங்கினேன். மேல்மாடித் தாதி சந்தைப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"மகளைக் கண்டனீங்களோ?"

"மோள் கனாலுக்குப் போயல்லோ சேட்டா. மூணு கூட்டுகாரிகள் கூட. துவாயெல்லாம் எடுத்து... என்ன சேட்டா? என்ன ஆச்சு?"

எங்கள் தெருவிலிருந்து கால்வாய் பத்து நிமிட நடை. வெயில் காலத்தில் இளம் பிள்ளைகள் அதன் கரையில்தான் கிடப்பார்கள். சரக்குக் கப்பல்கள் போகிற கால்வாய் அது. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு அடித்த செங்குத்துக் கரை. சாய்வு கிடையாது, கால் வைக்க மணல் கிடையாது. ஓரத்திலேயே ஆளை மூடும் ஆழம். இடைக்கிடையே ஓர் இரும்பு ஏணி மட்டும் இருக்கும்.

ஓடினேன். வேலைக்குப் போடுகிற இரும்பு மூக்குச் சப்பாத்து காலில் இருந்தது. ஓடிக்கொண்டே மீண்டும் அவளுடைய தொலைபேசிக்கு அழைத்தேன். சிவப்பு விளக்கில் நிற்காமல் வீதியைக் கடந்தேன். ஒரு கார் ஒலி எழுப்பியது. சாரத்தை வேறு எதற்காவது எடுத்திருப்பாள், கீழே விரித்து இருப்பதற்காக இருக்கும், வெயிலுக்குப் போர்த்திக்கொள்ள இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

பாலத்தில் ஏறியதும் சாரம் தெரிந்தது.

கரையிலிருந்து ஏழெட்டு மீற்றர் தள்ளி, பச்சைத் தண்ணீரின் நடுவில், நீலமும் பழுப்புமாக உப்பிக்கொண்டு நின்றது. அதன்மேல் நாடியை வைத்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டு என் மகள் கிடந்தாள். கரையில் அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், ஒருத்தி தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, மற்ற இருவரும் கைதட்டிக்கொண்டு. மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாலத்திலிருந்து பார்க்கும்போதே எனக்குத் தெரிந்தது, அந்தச் சிரிப்பு முகத்தில் உறைந்து நின்றது. படம் எடுக்கிறார்கள் என்பதற்காக அவள் அதைக் கீழே விடாமல் வைத்திருந்தாள்.

பாலத்துக்கு மறுபக்கம், தூரத்தில், ஒரு சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. நீளமான, தாழ்ந்த, கறுப்புக் கப்பல். வேகமாக வரவில்லை. ஆனால் அப்படிப்பட்ட கப்பல் வரும்போது தண்ணீர் முதலில் கரையை விட்டு உள்ளே இழுபடும். பாலத்தில் நின்று அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படியால் இறங்கிக் கரைக்கு வந்தபோது சாரம் முன்பைவிடச் சிறுத்திருந்தது. அதன் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல, ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் குமிழிகள் எனக்குத் தெரியும். அவை தொடங்கினால் அதிக நேரம் இல்லை.

"பிள்ளை! கீழ் நுனியைச் சேர்த்து முறுக்கு! முறுக்கிப் பிடி! காத்தை விடாதை!"

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"அப்பா..."

"கதையாதை! முறுக்கு!"

ஒரு கையை எடுத்துத் தண்ணீருக்கடியில் துணியின் வாயைத் தேடினாள். தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. இருமினாள். பிறகு முறுக்கிவிட்டாள், குமிழிகள் குறைந்தன. தமிழில் நான் கத்துவதைக் கேட்டு வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது வேடிக்கையின் ஒரு பகுதி. தாங்கள் எடுக்கிற படத்தில் வருகிற அப்பா.

நான் சப்பாத்தைக் கழற்றினேன். ஏணியில் இறங்கினேன். ஒரு படி, இரண்டு படி, மூன்று படி. தண்ணீர் முழங்கால்வரை வந்தது. இதற்கு மேல் நடந்ததை எப்படி எழுதினாலும் எனக்குச் சரியாக வருவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்: என் கைகள் ஏணியை விடவில்லை. மூளை விடச் சொன்னது. பிள்ளை அங்கே கிடக்கிறாள், விடு என்றது. விரல்கள் இரும்போடு இரும்பாக இருந்தன. எனக்கு நீந்தத் தெரியும். ஏழெட்டு மீற்றர் என்பது, அந்தக் குளத்தில், நான் மூச்சுக்கூட எடுக்காமல் கடந்த தூரம்.

கப்பல் ஒலி எழுப்பியது. தண்ணீர் என் முழங்காலிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

"அவளுக்கு நீந்தத் தெரியாது!" என்று ஜெர்மனில் கத்தினேன்.

கைதட்டல் நின்றது. படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை என்னைப் பார்த்தாள். போலந்துக் குடும்பத்துப் பிள்ளை, தலைமுடியைக் கட்டையாக வெட்டியவள், முதலாம் வகுப்பிலிருந்து மகளோடு படிக்கிறவள். அவள் முகத்தில் வந்தது திகைப்பு. அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நீச்சல் நாட்களில் மகளுக்குக் காது வலி என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

அவள் தொலைபேசியைத் துவாயில் எறிந்துவிட்டு, காலை முன்னே வைத்துத் தண்ணீரில் பாய்ந்தாள். நேரே மகளிடம் போகவில்லை. சுற்றி, முதுகுப் பக்கமாகப் போனாள். கக்கத்துக்குள் கையை விட்டு, தலையைத் தன் தோளில் சாய்த்து, மல்லாக்கப் படுத்தபடி கால்களை அடித்தாள். மகள் சாரத்தை விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை அவளையும் சாரத்தையும் சேர்த்தே இழுத்து வந்தாள். ஏணிக்கு அருகில் வந்ததும் என் ஒரு கை ஏணியை விட்டது. மகளின் சட்டையைப் பிடித்தேன். இழுத்தேன். மேலே நின்ற இருவரும் கை கொடுத்தார்கள்.

நாங்கள் புல்லில் விழுந்து கிடந்தபோது கப்பல் எங்களைக் கடந்து போனது. கால்வாயின் தண்ணீர் ஒரு முழம் கீழே போய், பிறகு திரும்பி வந்து இரும்புக் கரையில் அறைந்தது.

மகள் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். போலந்துப் பிள்ளை அழுதாள். நான் அவளிடம் நன்றி சொல்ல வாய் திறந்தேன்; "இதை எங்கே படித்தாய்?" என்ற கேள்விதான் வந்தது.

"பள்ளிக்கூடத்தில்," என்றாள். "நீச்சலில்."

மேல்மாடித் தாதி எங்களைத் தேடிச் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள், நகங்களைப் பார்த்தாள். "ஹாஸ்பிட்டல். இப்பவே. நல்லா இருக்குன்னு தோணும், பின்னே மூச்சு முட்டும்," என்றாள். மருத்துவமனையில் நான்கு மணித்தியாலம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சு தெளிவாக இருந்தது.

மனைவி வேலை உடுப்போடு நேரே மருத்துவமனைக்கு வந்திருந்தாள். மகளைத் தடவித் தடவிப் பார்த்தாள். நடந்ததை எல்லாம் கேட்டு முடிந்த பிறகு, நடைவழியில் வைத்து என் காற்சட்டையைப் பார்த்தாள். அது முழங்கால்வரை மட்டும் நனைந்திருந்தது.

"நீங்கள் இறங்கேல்லையோ?"

"முழங்கால் மட்டும்."

அவள் திரும்பி மகள் இருந்த அறைக்குள் போனாள். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை மகள் சமையலறைக்கு வந்து என் முன்னால் இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அப்பா, உங்களோடை கோவம் இல்லை. ஆனால் நீங்கள் ஏன் வரேல்லை? சின்னனிலை குளத்திலை மிதந்தனீங்கள் எண்டு சொன்னனீங்கள்தானே?"

அப்போதுதான் மற்றப் பாதியைச் சொன்னேன். பதினொரு வயதில், சண்டைக்குத் தப்பி, மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன படகு. விடியப்புறம் படகுக்காரர் எங்களை ஒரு மணல் திட்டில் இறங்கச் சொன்னது. தண்ணீர் எனக்குக் கழுத்துவரை நின்றது. எனக்கு முன்னால் இறங்கிய பிள்ளைக்கும் என் வயதுதான், எங்கள் குளத்தில் எங்களை எல்லாம் முந்தி நீந்துகிறவள். திட்டு முடிகிற இடம் தெரியாமல் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. நீச்சல் தெரிந்தவளையே தண்ணீர் கொண்டுபோனால், தண்ணீருக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பதுதான் காவல் என்று நான் அன்று முடிவு செய்துவிட்டேன். அதை என் பிள்ளைக்கும் சேர்த்து முடிவு செய்துவிட்டேன். இதை எல்லாம் அவளிடம் அதுவரை சொன்னதில்லை. குளத்தை மட்டும் சொன்னேன், சிரிக்கச் சிரிக்க.

அவள் நாற்காலியை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

"அந்தப் படத்திலை எல்லாரும் அவன்ர தண்ணியைப் பற்றித்தான் கதைச்சவை," என்றாள். "நான் இஞ்சை பிறந்தனான் அப்பா. கால்வாய்தான் என்ர தண்ணி எண்டு நினைச்சன். என்ர தண்ணியிலை நான் தாழமாட்டன் எண்டு நினைச்சன்."

"ஓம் பிள்ளை."

"அதை நீங்கள் பழக விட்டிருக்கோணும்."

"ஓம்," என்றேன்.

இப்போது வியாழக்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்கு நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போகிறோம். மகள் ஏழு வயதுப் பிள்ளைகளோடு பழகுகிறாள். அவர்களுக்கு நடுவில் ஒட்டகச்சிவிங்கிபோல நிற்கிறாள், வெட்கப்படவில்லை. தானாகப் பன்னிரண்டு மீற்றர் போகிறாள். நானும் வர வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. பக்கத்துப் பகுதியில், தண்ணீருக்குப் பயந்த பெரியவர்களுக்கான வகுப்பு. நெஞ்சுவரை தண்ணீரில், ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தக் கம்பியும் இரும்பு. இன்னமும் பகலில், கிடங்கில் ஒரு பொதியைத் தூக்கும்போது, சாரத்தின் விளிம்பைச் சுற்றி ஏறுகிற அந்தக் குமிழிகளைக் காண்கிறேன். பொதியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

போன வியாழன், முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கும்படி பயிற்சியாளர் சொன்னார். மூச்சைப் பிடித்து, கண்ணை மூடி, வைத்த வேகத்தில் வெளியே எடுத்தேன். திரும்பவும் அப்படித்தான். மகள் நடுக்கயிற்றில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதையுங்கோ. தண்ணிக்குள்ளை காத்தை விடோணும். மெதுவா விடுங்கோ."

முகத்தை வைத்தேன். விட்டேன். காதுக்குப் பக்கத்தில் குமிழிகளின் சத்தம் கேட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் தலையைத் தூக்கியபோது அவள் இன்னும் அங்கேயே, கயிற்றைப் பிடித்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.